தொங்கும் க்ளவ் பாக்ஸ்: லாக்கை விடுங்கள், கீலைப் பாருங்கள்

2 மார்ச் 2024, காலை. கேள்வி

வண்டி 2003 மாடல் ஹேட்ச்பேக். க்ளவ் பாக்ஸ் மூடியோட இடது மூலை, அதாவது கதவுப் பக்கம், 6 மி.மீ. அளவுக்கு கீழ இறங்கி நிக்குது. மூடினா கிளிக்னு லாக் ஆகுது. ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினா தானா திறந்துக்குது. மெக்கானிக் லாக் தேஞ்சுபோச்சு, புது லாக் போடணும்கிறார். இன்னொருத்தர் மொத்த பாக்ஸையும் மாத்தச் சொல்றார். லாக் போட்டா சரியாயிடுமா?

2 மார்ச், மதியம். பதில்

ஆகாது. லாக் வாங்கக் கிளம்புவதற்கு முன் மூடியை ஒரு தரம் சோதித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பாக்ஸைக் காலி செய்யுங்கள். மூடியைக் கால்வாசி திறந்து, மேல் விளிம்பின் இடது மூலையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டும்போது இன்னொரு கையின் விரல் கீழே கீல் மீது இருக்கட்டும். அங்கே டொக் டொக் என்று விரலுக்குத் தெரிந்தால் கோளாறு கீலில்தான். பிறகு வலது மூலை, அதே மாதிரி.

அடுத்தது, மூடியை முழுக்க மூடி, மூடிக்கும் டேஷ்போர்டுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வைக்க வேண்டும். இடது, வலது பக்கங்களில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நாலு இடம். மேல் இடைவெளி இரண்டு மூலையிலும் சமமாக அதிகமாகியிருந்தால் லாக்கையோ, லாக் மாட்டும் கொண்டியையோ சந்தேகிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அது லாக்கின் வேலை இல்லை. லாக் நடுவில் ஒன்றே ஒன்று. அது தேய்ந்தால் முழு மூடியும் தளரும், ஒரு மூலை மட்டும் இறங்காது. உங்களுக்கு இறங்கியிருப்பது ஒரு மூலை.

2 மார்ச், இரவு

தானாகத் திறப்பதற்கும் இதே காரணம்தான். மூடி சாய்ந்துவிட்டதால் லாக்கின் நாக்கு கொண்டியின் விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கிறது. கிளிக் சத்தம் கேட்கும், ஆனால் பிடிப்பு இருக்காது. நாக்கின் மேல் கொஞ்சம் மார்க்கர் மை அல்லது சாந்துப் பொட்டு தடவி, ஈரம் காய்வதற்குள் மூடித் திறந்து பாருங்கள். கொண்டியில் தடம் முழு அகலத்துக்கும் விழுந்தால் சரி. ஓரத்தில் கோடாக விழுந்தால் மூடி கோணல்.

இந்தத் தடத்தைப் பார்த்துவிட்டுக் கொண்டியை வளைக்கவோ உயர்த்தவோ இறங்காதீர்கள். பலர் செய்வது அதுதான். கொண்டியின் ஸ்க்ரூ ஓட்டைகள் நீளவாக்கில் இருக்கும், தளர்த்தி இழுத்தால் 2 மி.மீ. கிடைக்கும், மூடி அன்றைக்கு நேராகவும் நிற்கும். ஆனால் அந்த நேரத்திலிருந்து மூடியின் பாரம் லாக்கில் தொங்க ஆரம்பிக்கிறது. உடைந்த கீல் இன்னும் உடையும், அதன் பிறகு லாக்கும் போகும். கொண்டியைத் தொடுவது வேலையின் கடைசிப் படி.

3 மார்ச்

கழற்றுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை, இதைத் தனியாகவே எழுதுகிறேன். பயணி பக்க ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அது க்ளவ் பாக்ஸுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும். சாவியை எடுத்து, பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு, குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து கை வையுங்கள். மஞ்சள் நிற கனெக்டர் எதையும் கழற்ற வேண்டாம், மல்டிமீட்டர் முனையால் தொடவும் வேண்டாம். ட்ரில் போடும் எந்த வேலையும் மூடியை வெளியே எடுத்து மேசை மேல் வைத்துத்தான். டேஷ்போர்டில் இருக்கும்போதே மேல் நோக்கி ட்ரில் போடவே கூடாது. ஏர்பேக் இல்லாத வண்டியிலும் இதே விதி: நம்மூர் வண்டிகளில் ஏசி ப்ளோயரும் எவாப்பரேட்டரும் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

3 மார்ச், மாலை

"இவ்வளவு சின்ன மூடிக்கு இவ்வளவு யோசிக்கணுமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்கைப் பாருங்கள்.

ஓனர் மேனுவல் அரை கிலோ, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. மொத்தம் 1.5 கிலோ. பெட்டியும் மூடியும் ஒன்றாகக் கீழே இறங்கும் வகையில், இந்தப் பாரத்தின் மையம் கீலிலிருந்து சுமார் 15 செ.மீ. தள்ளி இருக்கும். திருப்பு விசை 2.2 நியூட்டன் மீட்டர். மூடி திறந்து நிற்கும்போது இதைத் தாங்க வேண்டியவை பக்கவாட்டு நிறுத்திகள், அல்லது ஒரு பட்டை. நிறுத்தி கீலிலிருந்து 12 செ.மீ. தள்ளி இருந்தால் அதற்கு வரும் விசை இரண்டு கிலோவுக்கும் குறைவு. நிறுத்தி தேய்ந்தோ உடைந்தோ போய்விட்டால் கீலின் காதிலுள்ள (காது என்பது கீல் கம்பியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நீட்டல்) குட்டி முனைதான் மூடியை நிறுத்தும். அது அச்சிலிருந்து 1.5 செ.மீ. தூரம்தான். அதே பாரம் அங்கே 15 கிலோ ஆகிவிடும். திறந்த மூடியின் ஓரத்தில் ஒரு குழந்தை கை ஊன்றி ஐந்து கிலோ கொடுத்தால், கீல் முனையில் 80 கிலோவுக்கு மேல். இரண்டு மி.மீ. தடிமன் பிளாஸ்டிக் அதை எப்படித் தாங்கும்?

ஆக, உடைந்தது கீல், உடைத்தது நிறுத்தி. கீலை மட்டும் சரி செய்து நிறுத்தியை விட்டுவிட்டால் திரும்பவும் இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

சாய்வுக்கும் ஒரு கணக்கு. இரண்டு கீலுக்கும் இடையே 25 செ.மீ., மூடியின் அகலம் 38 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கீல் 2 மி.மீ. இறங்கினால் மூடியின் இரண்டு ஓரங்களுக்கு நடுவே 3 மி.மீ. வித்தியாசம் வரும். உங்களுக்கு 6 மி.மீ. என்றால் ஒரு கீல் 4 மி.மீ. இறங்கியிருக்கிறது. ஓட்டை தேய்ந்து அவ்வளவு இறங்காது. காது விரிந்திருக்கும், இல்லையென்றால் உடைந்திருக்கும்.

4 மார்ச். கழற்றும் முறை

ஸ்க்ரூ எங்கே என்று தேடுவதற்கு முன் வகையைப் பாருங்கள். மூடி மட்டும் இறங்கி, பெட்டி டேஷ்போர்டோடு நின்றால் அது ஒரு வகை. பெட்டியே மூடியோடு சேர்ந்து இறங்கினால் இன்னொன்று. இரண்டாவது வகைதான் 1990களுக்குப் பிந்தைய சின்ன கார்களில் அதிகம்.

இரண்டாவது வகையில், பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்பக்கமாக அழுத்தினால் நிறுத்திகள் விடுபட்டுப் பெட்டி முழுசாகக் கீழே தொங்கும். கேபின் ஃபில்டர் மாற்றுகிறவர்கள் இதைச் செய்வார்கள். குளிர்ந்த காலையில் அழுத்த வேண்டாம், பழைய பிளாஸ்டிக் பட்டென்று விரியும். வண்டி கொஞ்சம் வெயில் பட்டு சூடான பிறகு செய்யுங்கள். ஒரு பக்கம் டேம்பர் (மூடியை மெல்ல இறங்கவிடும் உருளை) அல்லது நூல் இருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். அதோடு சேர்த்து இழுத்துத்தான் பலர் டேம்பர் கொக்கியை உடைக்கிறார்கள். விளக்கு இருந்தால் அதன் வயரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே கீல் இரண்டு விதம். காது ஒரு கம்பியைப் பிறை போலக் கவ்வியிருந்தால், பெட்டியை டேஷ்போர்டின் முகத்துக்கு நேராகப் பிடித்து உங்களை நோக்கி இழுத்தால் வந்துவிடும். காதுக்குள் பின் (pin) குத்தியிருந்தால், அந்தப் பின்னின் ஒரு முனையில் தலையோ, ஸ்க்ரூவோ இருக்கும். கதவுப் பக்கத்தில் டேஷ்போர்டின் பக்க மூடியைக் கழற்றினால் அந்த முனை கண்ணில் படும். கழற்றிய ஸ்க்ரூக்களை எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த வரிசையில் ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். நீளம் ஒன்றுக்கொன்று மாறும். நீளமான ஸ்க்ரூவைத் தப்பான இடத்தில் போட்டால் மூடியின் முன்முகத்தில் பரு மாதிரி புடைக்கும், அதைத் திரும்ப உள்ளே தள்ள முடியாது.

4 மார்ச், இரவு. கேட்டவர்

கழட்டிட்டேன். நீங்க சொன்னதுதான். வலது காது முழுசு. இடது காது வேர்ல விரிசல் விட்டு, பிறை திறந்துகிட்டு நிக்குது. இடது நிறுத்தியோட ரப்பரைக் காணோம். ஃபெவிக்விக் போட்டு மேல சமையல் சோடா தூவினா கல்லு மாதிரி ஆயிடும்னு வீடியோல காட்டுறாங்க. போடலாமா?

5 மார்ச்

கல் மாதிரி ஆகும், உண்மை. கல் மாதிரியே உடையும். அந்தக் கலவை அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. கீல் காதுக்கு வருவது முழுக்க வளைவு. தேய்ந்துபோன ஸ்க்ரூ ஓட்டையை நிரப்ப, கழன்று போன ஒரு மூலையை உருவாக்க அது நல்ல பொருள். கீலுக்கு வேண்டாம்.

முதலில் பிளாஸ்டிக் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியின் பின்புறத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே எழுத்து அச்சாகியிருக்கும்: ஏபிஎஸ், பிபி, பிசி+ஏபிஎஸ், பிபி-டி20 என்று ஏதாவது ஒன்று. பிபி என்பது பாலிப்ரொப்பிலீன், ஏபிஎஸ் வேறு வகைப் பிளாஸ்டிக். கடைசியில் சொன்னது 20 சதவீதம் டால்க் தூள் கலந்த பிபி.

எழுத்து இல்லையா? துண்டைத் தண்ணீரில் போட்டு மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ் என்று சொல்வார்கள். கார் பாகத்துக்கு இதை நம்ப முடியாது. 20 சதவீதம் டால்க் கலந்த பிபியின் அடர்த்தி 1.04 வரை போகும், ஏபிஎஸ்ஸுக்கு 1.05. இரண்டும் மூழ்கும். அசிட்டோன் சோதனைதான் சரி. காது குடையும் பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் நனைத்து, வெளியே தெரியாத இடத்தில் பத்து விநாடி தேயுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சு ஒட்டினால், பஞ்சில் நிறம் இறங்கினால் ஏபிஎஸ். ஒன்றுமே ஆகாமல் அப்படியே இருந்தால் பிபி. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும். கெமிக்கல் கடையில் 100 மி.லி. சுத்த அசிட்டோன் கேளுங்கள்.

5 மார்ச், மதியம். ஏபிஎஸ் என்றால்

அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளைச் சின்னதாக நறுக்கி, எடையில் ஒரு பங்கு துண்டுக்கு மூன்று பங்கு அசிட்டோன் ஊற்றி, கண்ணாடி பாட்டிலில் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் தேன் பதத்துக்கு வந்திருக்கும். கெட்டியாக இருந்தால் அசிட்டோன் சேர்க்கலாம், தளர்ந்திருந்தால் மூடியைத் திறந்து வைத்தால் போதும். துண்டுக்கு எங்கே போவது என்றால், பெட்டியின் பின்புறத்தில் வேலையில்லாத விலா (விளிம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பட்டை) ஒன்றிரண்டு இருக்கும். அல்லது பழைய பம்பர் கடையில் ஏபிஎஸ் க்ரில் துண்டு கிடைக்கும்.

விரிசலின் முனையைத் தேடிப் பிடித்து அங்கே 2 மி.மீ. ஓட்டை போடுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் விட்டால் விரிசல் ஒட்டுக்குக் கீழே நடந்துகொண்டே இருக்கும். இரண்டு முகத்தையும் 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, கலவையைத் தடவிச் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். மேலே ஒரு மி.மீ.க்கு மேல் ஒரே பூச்சாகப் போடாதீர்கள். வெளியே காய்ந்து உள்ளே கரைப்பான் மாட்டிக்கொண்டு, அந்த இடம் நாள் கணக்கில் ரப்பர் மாதிரி கிடக்கும். பூச்சுக்கு நடுவே நாலு மணி நேரம், கடைசிப் பூச்சுக்கு அப்புறம் இரண்டு நாள். மூடியின் முன்முகத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் அதன் மணல் மாதிரியான சொரசொரப்பு வடிவம் கரைந்து பளபளக்கும், துடைத்தால் இன்னும் பரவும். முன்முகத்தை முதலிலேயே மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்புப் பக்கம் போக வேண்டாம்.

5 மார்ச், மாலை. பிபி என்றால்

எந்தப் பசையையும் நம்பாதீர்கள். பிபியின் மேற்பரப்பில் ஃபெவிக்விக்கும் அரால்டைட்டும் எம்-சீலும் படிந்து உட்காரும், பிடிக்காது. நகத்தால் உரித்தால் தோலாக வரும். உருக்கித்தான் சேர்க்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு வலையில் 15 மி.மீ. அகலப் பட்டை வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, சால்டரிங் அயர்னின் தட்டையான முனையால் அழுத்திப் பதியுங்கள். உருகிய பிளாஸ்டிக் வலைக்கண் வழியாக மேலே வந்து வலையை மூட வேண்டும். போதவில்லை என்றால் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட டப்பா மூடியிலிருந்து ஒரு இழை வெட்டி உருக்கிச் சேர்க்கலாம், அதுவும் பிபிதான். பிபி 165 டிகிரி அருகில் உருகும். புகை வந்தால் சூடு அதிகம், கருகிய பிளாஸ்டிக்குக் கட்டு கிடையாது.

6 மார்ச்

ஏபிஎஸ் ஒட்டும், பிபி வலையும் விரிசலைத்தான் மூடுகின்றன. காதின் பாரத்தை உலோகத்துக்கு மாற்றாவிட்டால் அடுத்த கோடையில் திரும்பவும் இறங்கும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் மெல்ல இழுபட்டு நீளும், பாரம் எடுத்த பிறகும் திரும்பி வராது. சாதாரண அறைச் சூட்டில் இறுகும் எபாக்ஸிகளும் 50, 60 டிகிரியில் இளக ஆரம்பித்துவிடும். சென்னையிலோ மதுரையிலோ ஏப்ரல் மே மாதத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்கு 60 டிகிரி ஒரு பெரிய விஷயமே இல்லை.

ஆகவே அலுமினியப் பட்டை. 20 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன், 60 மி.மீ. நீளம். ஹார்டுவேர் கடையில் அடிக்கணக்கில் தருவார்கள். ஒரு முனையில் கம்பிக்கு ஓட்டை, கம்பியை விட 0.2 மி.மீ. பெரிசு. மற்ற முனையை மூடியின் உள்முகத்துக்குப் பொருந்த 'எல்' வடிவில் வளைத்து, 4 மி.மீ. கவுன்டர்சங்க் (தலை மட்டமாகப் பதியும்) போல்ட் இரண்டால் கட்டுங்கள். பிளாஸ்டிக் பக்கம் 12 மி.மீ. வாஷர், நைலாக் நட். போல்ட்டின் மையம் பிளாஸ்டிக் விளிம்பிலிருந்து 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. முறுக்கும்போது வாஷர் பிளாஸ்டிக்கில் புதைய ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள், நைலாக் தானாகக் கழலாது. உலோகத்தின் எல்லா விளிம்பையும் அரத்தால் உருட்டிவிடுங்கள். காருக்குள் தலையோ முழங்காலோ இடிக்கக்கூடிய இடத்தில் விளிம்பின் ஆரம் 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது உட்புறப் பாகங்களுக்கான ஐ.நா. விதி 21-இன் கணக்கு. நம் பட்டை மூடிக்கு உள்ளே மறைந்திருக்கும் என்றாலும் அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அரம் பிடிப்பது நல்லது.

6 மார்ச், சற்று கழித்து

முக்கியமான ஒன்றை மேலே விட்டுவிட்டேன், இங்கே சேர்க்கிறேன். இரண்டு காதின் ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். தனித்தனியாகச் செய்து மாட்டினால் மூடி இறுக்கமாகச் சுழலும், அந்த இறுக்கமே நல்ல காதையும் உடைக்கும். எனவே போல்ட்டை முழுக்க முறுக்குவதற்கு முன் இரண்டு காதின் வழியாகவும் ஒரே நேர்க்கம்பியைச் செருகி, கம்பி கையால் சுலபமாகச் சுழல்கிறதா என்று பார்த்து, கம்பி உள்ளே இருக்கும்போதே முறுக்குங்கள்.

கம்பிக்கு வெல்டிங் ராடு வாங்குங்கள். 2.5, 3.15, 4, 5 மி.மீ. என்று அளவாகக் கிடைக்கும். மேல் பூச்சைச் சுத்தியால் தட்டி உதிர்த்து, கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்து நேரானதை எடுங்கள். தள்ளாடி உருண்டால் வளைந்திருக்கிறது. பழைய பின் தேய்ந்திருந்தால் இதே கம்பியே புதுப் பின்னாகவும் ஆகும், துருப்பிடிக்காமல் கொஞ்சம் கிரீஸ் பூசி. கிரீஸ் சிலிக்கான் வகை. சக்கரத்துக்குப் போடும் சாதா கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் ஏபிஎஸ் பக்கம் வரக் கூடாது. இழுவிசையில் இருக்கும் ஏபிஎஸ் எண்ணெய் பட்டால் நுண்ணிய விரிசல் விடும்.

7 மார்ச். ஒருவர் கேட்டது: ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை

ஸ்க்ரூ இறங்கும் பிளாஸ்டிக் குழலின் மரை போய்விட்டது. நம்பர் 6 ஸ்க்ரூ, அதாவது 3.5 மி.மீ. இருந்த இடத்தில், குழலின் சுவர் நல்ல தடிமனாக இருந்தால் நம்பர் 8, அதாவது 4.2 மி.மீ. போடலாம். ஏபிஎஸ்ஸில் அதற்கு வழி ஓட்டை 3.4 மி.மீ. பிபி மென்மையானது, அதில் 3.2 போதும். குழலின் வெளி விட்டம் 8 மி.மீ.க்குக் குறைவென்றால் பெரிய ஸ்க்ரூ வேண்டாம், பிளந்துவிடும். அந்த இடத்தில் ஃபெவிக்விக் சோடா சரியான மருந்து. ஓட்டையை நிரப்பி, இறுகவிட்டு, நடுவில் புதுசாக ஓட்டை போடுங்கள். குழலே வெளியே பிளந்திருந்தால் மேலே செம்புக் கம்பி இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, அதன் மேல் பசை.

பழைய மரையிலேயே ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது, முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்புங்கள். பழைய மரை வாயில் விழும்போது கையில் சின்ன டிக் தெரியும். அங்கிருந்து முறுக்கினால் புது மரை வெட்டாது. இந்த ஒரு பழக்கம் பழைய காரின் பிளாஸ்டிக்குக்குப் பல வருட ஆயுள் தரும்.

9 மார்ச். பேட்டரி

இதுவும் இங்கேதான் சேரும். "வண்டி இரண்டு நாள் நின்றால் ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி மாற்றியும் அப்படியே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். க்ளவ் பாக்ஸில் விளக்கு உண்டா என்று பாருங்கள். மூடி 4 மி.மீ. இறங்கினால் உள்ளே விளக்கின் ஸ்விட்ச் அழுந்தாது, விளக்கு இரவும் பகலும் எரியும். 5 வாட் பல்பு 12 வோல்ட்டில் 0.4 ஆம்பியர். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரியில் இரண்டாம் நாள் பாதி காலி.

சோதனை சுலபம். செல்போனில் வீடியோ பதிவை ஓட விட்டு உள்ளே வைத்து மூடுங்கள். ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள், மூடியதும் இருட்டானால் சரி.

10 மார்ச்

கீலும் நிறுத்தியும் நன்றாக இருந்து, மூடியின் நடுப்பகுதி மட்டும் வயிறு தள்ளியிருந்தால் அது வேறு நோய். மூடி சூட்டில் வளைந்திருக்கிறது. ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டி நேர்ப் பலகையில் கட்டி ஆறவைக்கலாம் என்பார்கள். ஏபிஎஸ்ஸில் ஓரளவு நடக்கும், பிபியில் மறுநாளே பழைய வளைவு வந்துவிடும். இரண்டிலுமே முன்முகத்தின் மணல் வடிவம் கொஞ்சம் மழுங்கும் அபாயம் உண்டு. நான் சொல்வது அலுமினிய ஆங்கிள். பெரும்பாலான மூடிகள் இரட்டைத் தோல், ஓரத்தில் ஆறெட்டு ஸ்க்ரூ. பிரித்து, இரண்டு தோலுக்கும் நடுவே 15 × 15 மி.மீ., 1.5 மி.மீ. தடிமன் ஆங்கிளை மேல் விளிம்புக்கு இணையாக வைத்து, உள் தோலில் மட்டும் 3.2 மி.மீ. பாப் ரிவெட் அடியுங்கள், பின்னால் வாஷரோடு. வாஷர் இல்லாமல் அடித்தால் ரிவெட் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வரும். லாக் உட்காரும் இடத்தில் ஆங்கிளை வெட்டிவிட மறக்காதீர்கள்.

11 மார்ச். வேறு இரண்டு வண்டிகள்

பிஎம்டபிள்யூ ஈ36, அதாவது 1990களின் 3 சீரிஸ் வைத்திருப்பவர் கேட்டதற்கு: இந்தக் காரின் க்ளவ் பாக்ஸ் தொங்குவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அதற்கென்று வலுவூட்டும் ரிப்பேர் கிட்டே பாகமாக வந்தது. அது கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காவிட்டால் மேலே சொன்ன பட்டை முறை. வலுவூட்ட வேண்டிய இடம் மூடியில் இல்லை, பெட்டி டேஷ்போர்டில் கட்டப்படும் இடம்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில்காரருக்கு: உங்கள் பெட்டி அழுத்திய அட்டை. ஈரம் குடித்து இளகியிருக்கும். முதலில் கண்ணாடி ரப்பர் வழியாகவோ வேறு எங்கிருந்தோ தண்ணீர் வருகிறதா என்று கண்டுபிடித்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எது செய்தும் பயனில்லை. அட்டையை வெளியே எடுத்து, வடிவத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து நிழலில் முழுக்கக் காயவிட்டு, ஃபெவிகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து வெளிப்புறம் இரண்டு பூச்சு. அது காய்ந்ததும் மூலைகளில் பருத்தித் துணிப் பட்டையைக் கெட்டி ஃபெவிகாலில் ஒட்டி, மேலே ஒரு பெயின்ட். உட்புறத்தை அப்படியே விடுங்கள், பழைய காருக்கு அந்த முகம்தான் அழகு.

12 மார்ச்

வெல்க்ரோ, கொக்கி, எலாஸ்டிக் கயிறு போட்டு மூடியை இழுத்துக் கட்டலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு நாள் வண்டி எடுக்க வேண்டிய அவசரத்துக்குப் பரவாயில்லை. நிரந்தரமாக வேண்டாம். அமெரிக்காவின் பாதுகாப்பு விதி 201, மோதலின் விசையிலும் டேஷ்போர்டு அறைகளின் கதவு மூடியே இருக்க வேண்டும் என்கிறது. காரணம் எளிது: திறந்த மூடியின் விளிம்பு முன் சீட்டில் உட்கார்ந்தவரின் முழங்காலுக்கு நேராக நிற்கும், உள்ளிருக்கும் ஸ்பேனர் பறக்கும். முன் சீட்டில் அம்மாவோ பிள்ளையோ உட்காரும் வண்டியில் வெல்க்ரோவை லாக் என்று நினைக்காதீர்கள்.

14 மார்ச். கேட்டவர்

ஏபிஎஸ்தான். ஒட்டி, பட்டை போட்டு, 4 மி.மீ. ராடு வச்சு மாட்டிட்டேன். இடது மூலை நேரா வந்துடுச்சு, ஒரு மி.மீ. வித்தியாசம்தான் இருக்கு. லாக் நல்லா பிடிக்குது. ஆனா இப்ப மோசமான ரோட்டுல கடகடன்னு சத்தம். நிறுத்தி ரப்பருக்கு என்ன போடறது?

14 மார்ச், இரவு

ஒரு மி.மீ. நல்ல வேலை. புது வண்டியிலேயே அவ்வளவு இருக்கும்.

சத்தத்துக்கு: மூடி மூடும்போது மோதும் ரப்பர் குமிழ்கள் மேல் இரண்டு மூலையிலும் இருக்கும். ஒரு தாள் துண்டைக் குமிழுக்கும் மூடிக்கும் நடுவே வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த மூலை அந்தரத்தில் நிற்கிறது, சத்தம் அங்கிருந்துதான். குமிழ் மரை வகை என்றால் அரைச் சுற்று வெளியே திருப்புங்கள். இல்லையென்றால் ஒரு மி.மீ. ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். கறுப்பு ஃபோம் டேப் வேண்டாம், ஒரு கோடையில் நசுங்கிப் பிசினாகிவிடும்.

இப்போது, கடைசியாக, கொண்டி. ஸ்க்ரூவைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, மூடியைச் சரியான இடத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க, கொண்டியை நாக்குக்கு நடுவாக நகர்த்தி முறுக்குங்கள். மை தடவிச் சோதனை இன்னொரு தரம்.

நிறுத்திக்கு, சைக்கிள் டியூப் துண்டு வேண்டாம், வழுக்கும். 8 மி.மீ. வெளி விட்டம், 4 மி.மீ. ஓட்டை உள்ள ரப்பர் க்ரோமெட்டை (ரப்பர் வளையத்தை) நிறுத்தியின் காம்பில் இழுத்து மாட்டுங்கள். திறந்து பார்க்கும்போது இரண்டு நிறுத்தியும் ஒரே நேரத்தில் தட்ட வேண்டும். ஒன்று முந்தினால் முந்திய பக்கத்து க்ரோமெட்டைக் கொஞ்சம் சீவுங்கள். இரண்டும் சேர்ந்து தட்டினால்தான் பாரம் பாதிப் பாதியாகப் பிரியும்.

16 மார்ச்

டேம்பர் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: காற்று உருளையும் நூலும் உள்ள வகையில் மூடி தடாலென்று விழுந்தால் உள்ளே பிஸ்டனின் ரப்பர் காய்ந்திருக்கிறது. கழற்றி, சிலிக்கான் கிரீஸ் கடுகளவு. உருளையின் பின்னாலுள்ள ஊசி ஓட்டையைக் கிரீஸ் அடைத்துவிடக் கூடாது, அந்த ஓட்டைதான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. டேம்பர் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால், அது இறுகிப்போனால் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மூடி முறுக்கப்படும். எதிர்ப்பக்கக் காது உடைந்திருந்தால் டேம்பரையும் சோதியுங்கள்.

19 மார்ச்

உடைந்த துண்டே தொலைந்துவிட்டது, பழைய பாகம் வாங்குகிறேன் என்றால், சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது, மற்ற ஊர்களிலும் பழைய பாகக் கடைகள் உண்டு. கடைக்கு உங்கள் உடைந்த பெட்டியை எடுத்துப்போங்கள், போட்டோ போதாது. ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் காதின் இடைவெளி மாறியிருக்கும். கடையில் பார்க்க வேண்டியது முன்முகத்தின் கீறல் இல்லை. இரண்டு காதையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்ல வளையுங்கள். வேரில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்தப் பிளாஸ்டிக் ஏற்கெனவே சோர்ந்துவிட்டது, வேறு கேளுங்கள். மூடி, பெட்டி, கீல் கம்பி, நிறுத்தி, லாக் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்த செட்டாக இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் எடுங்கள். லாக்கின் சாவி சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் பழைய லாக்கை அதில் மாற்றிப் பொருத்த முடியுமா என்று கடையிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

2 ஜூன்

கோடை கடந்திருக்கிறது. பட்டை போட்டவர்கள் எல்லோரும் அந்த இரண்டு போல்ட்டையும் ஒரு தரம் பாருங்கள். சூட்டில் வாஷருக்குக் கீழே பிளாஸ்டிக் கொஞ்சம் அமுங்கியிருக்கும், கால் சுற்று முறுக்க இடம் இருக்கும். முறுக்கிய பிறகு நாலு இடைவெளியையும் திரும்ப அளந்து, மார்ச்சில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு மி.மீ.க்கு மேல் நகர்ந்திருந்தால் எந்தக் காது, எந்தப் பக்கம் என்று இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.